கிராணி புத்தகத்துக் கல்யாணம்

முப்பத்தாறு வருஷம் ஒரு ஆளுக்குச் சோறாக்கிப் போட்டு, அவர் கோபத்துக்கெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்து (அவரைக் கேட்டால் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்), இரண்டு பிள்ளைகளையும் பெற்று ஆளாக்கிய பிறகு, சட்டப்படி அந்த ஆள் எனக்கு யாரோ ஒருத்தர் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தெரியவந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

ஆனால் வினை என் வீட்டில் தொடங்கவில்லை. என் கொழுந்தன் நாராயணசாமி வீட்டில் தொடங்கியது.

அசாம் ஜாவாவில் இருக்கிறது அந்த வீடு. எங்கள் ரப்பர் தோட்டத்தை மூடியபோது தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிக் கொடுத்த கல் வீடுகளில் ஒன்று. மூன்று அறை, பின்னால் துணி காயப்போட இடம், முன்னால் ஒரு ரம்புத்தான் மரம். முதலில் என் மாமனார் பேருக்கு ஒதுக்கினார்கள். மாமனார் படுக்கையில் விழுந்துவிட்டதால், அவரைக் கூட வைத்துப் பார்த்துக்கொண்ட சின்ன மகன் நாராயணசாமியின் பேரில் கிராண்ட், அதாவது வீட்டுப் பட்டா, வந்தது. மூத்த மகன் என் வீட்டுக்காரர் சுகுமாறன். அவருக்கும் தனியாக ஒரு வீடு கிடைத்திருக்கும். "வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டம், இதை எவன்டி மூடுவான்" என்று சொல்லி, வந்த விண்ணப்பப் பாரத்தை நிரப்பாமலே வைத்திருந்தார். தோட்டத்தை மூடிவிட்டார்கள். நாங்கள் தஞ்சோங் காராங்கில் நெல் ஆலைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். அந்த ஆலையிலேயே அவருக்குக் காவல் வேலை. இன்றுவரை அதே வீடு, அதே வேலை.

தப்பு இவருடையது. கோபம் மட்டும் தம்பி மேல். தீபாவளிக்குத் தம்பி வீட்டுக்குப் போவார், மூன்று தடவை கறி வாங்கிச் சாப்பிடுவார், திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் எனக்குக் கேட்கிற மாதிரி "எங்கப்பா வீடு" என்று முணுமுணுப்பார். நாராயணசாமி செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டியவர். அண்ணன் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுச் சிரிக்கிற ஆள். போன வருஷம் பங்குனியில், எண்ணெய் ஆலை வாசலில் லோரி வரிசையில் நிற்கும்போதே மாரடைப்பு வந்து, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயசு.

அவர் சம்சாரம் உஷாராணி பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறாள். ஒரே மகள் தனேஸ்வரி ரவாங்கில் ஒரு பாக்டரியில் லைன் லீடர். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அம்மாவைப் பார்க்க வந்துவிடுவாள். நாராயணசாமி உயில் எதுவும் எழுதவில்லை. ஒரு வீடு, ஒரு பெண்டாட்டி, ஒரு மகள். இதில் உயில் எழுதக் குழப்பம் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார், பாவம்.

கோல சிலாங்கூர் நில அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வரவேண்டும் என்று கடிதம் வந்ததால் நாங்களும் போனோம். மேசைக்குப் பின்னால் ஒரு மலாய்க்கார அம்மா, அதிகாரி, சாந்தமான முகம். கல்யாணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். உஷாராணி துணிப்பையிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

வேறு யாராவதாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். தோட்டத்து மாரியம்மன் கோயில், பந்தல், தாலி கட்டுகிற படம், அதில் பின்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிற நான். எல்லாவற்றையும் பார்த்து "அழகாக இருக்கிறீர்கள்" என்றுகூடச் சொன்னார். அப்புறம் ஆல்பத்தை மெல்ல மூடி, "இது சான்றிதழ் இல்லையே" என்றார்.

"பதிஞ்சோம் டத்தின், தோட்டத்து ஆபீஸ்ல பதிஞ்சோம்" என்று உஷாராணி பதறினாள். பயத்தில் அந்த அம்மாவுக்குப் பட்டமே கொடுத்துவிட்டாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் தோட்டத்து வழக்கம் அது. கோயிலில் தாலி கட்டிய மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆபீஸுக்குப் போய்ப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, முன்னால் நிற்க வேண்டும். அவர் ஒரு தடித்த சிவப்புப் புத்தகத்தைத் திறப்பார். பேர், அப்பா பேர், வேலை நம்பர் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, டம்மென்று ஒரு சாப்பா, ரப்பர் முத்திரை, குத்துவார். குத்திவிட்டு லயத்து வரிசையில் எந்த வீடு என்று சொல்லிச் சாவியைக் கொடுப்பார். சாப்பா விழுந்துவிட்டால் அரசாங்கமே வந்து ஆசீர்வாதம் பண்ணின மாதிரி எங்களுக்கு. புதுப் பெண்டாட்டிக்கு வீடு ஒதுக்குகிற கணக்குப் புத்தகம் அது, அவ்வளவுதான் என்று யாருக்குத் தெரியும்? கிராணியும் சொல்லவில்லை. அவரும் அந்தக் கோயிலில் தாலி கட்டியவர்தான்.

எண்பத்திரண்டாம் வருஷத்துக்கு அப்புறம் நடந்த கல்யாணம் எதுவானாலும் அரசாங்கப் பதிவு இலாகாவில் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டத்தின் முன் கல்யாணமே இல்லை என்று அதிகாரி அம்மா நிதானமாக விளக்கினார். தனேஸ்வரியின் பிறப்புச் சூராட்டை (சான்றிதழைத்தான் அப்படிச் சொல்வோம்) எடுத்து அடியில் ஒரு வரியைக் காட்டினார். பதின்மூன்றாம் பிரிவின்படி அப்பா பேர் சேர்க்கப்பட்டது என்று சின்ன எழுத்தில் இருந்தது. கல்யாணம் பதியாத தாய் தகப்பன் கேட்டுக்கொண்டால் அப்படிப் போடுவார்களாம். அப்பா பேர் இருக்கும், ஆனால் அப்பா சொத்தில் பிள்ளைக்கு உரிமை இருக்காது. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, தாய் தகப்பன் உயிரோடு இல்லை என்றால் கூடப் பிறந்தவருக்கு. கூடப் பிறந்தவர் ஒரே ஆள்தான். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் யாரு?" என்று உஷாராணி கேட்டாள். அதிகாரி அம்மா அவள் கையைத் தொட்டார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஒண்ணும் கேக்கல. சட்டம் குடுக்குது. சட்டம்னா சட்டம்தான்" என்றார். வருஷக் கடைசிப் பள்ளிக்கூட லீவு விடுகிறவரை அந்த வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று பெரிய மனசு பண்ணினார். தனேஸ்வரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாசத்தில் கிராண்ட் அவர் பேருக்கு மாறி வந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி மேடையில் வைத்தார்.

நான் நியாயவாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கும் ஆசை இருந்தது. முப்பது வருஷமாக ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வீட்டுச் சொந்தக்காரச் சீனனைக் கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறேன். அந்த ரம்புத்தான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இரண்டு மூன்று தடவை நினைத்துப் பார்த்தேன். எங்கள் மகன் அகிலன் வாடகை கட்டாமல் அங்கே இருக்கலாமே என்றும் நினைத்தேன். உஷாராணி போன் அடித்தபோது இரண்டு தடவை எடுக்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. அகிலன் ரவாங்கிலிருந்து கூப்பிட்டான். "மா, கம்பெனில இன்சூரன்ஸ் மாத்துறாங்க. என் பெர்த் சர்ட்டிபிகேட் போட்டோ எடுத்து அனுப்புங்க லா. ரெண்டு பக்கமும் தெளிவா இருக்கணும்" என்றான்.

பத்திரமெல்லாம் வைக்கிற மைலோ டின்னிலிருந்து எடுத்தேன். போனை மேலே பிடித்துக்கொண்டு, எழுத்து தெளிவாக விழுகிறதா என்று பார்த்தேன். அடியில் ஒரு வரி. பதின்மூன்றாம் பிரிவு. மகள் ஷாமளாவின் சூராட்டை எடுத்தேன். அதிலும் அதே வரி. மகன் பிறந்தபோது பதியப் போனது ஞாபகம் வந்தது. கவுண்டரில் ஒருத்தர் கல்யாணச் சான்றிதழ் கேட்டார், கிராணியிடம் இருக்கிறது என்றோம், அவர் பெருமூச்சு விட்டுவிட்டு இன்னொரு பாரத்தை நீட்டினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். "எனக்கு ரெண்டு எடத்துல கையெழுத்து வாங்கினான் பாரு" என்று இவர் பஸ்ஸில் பெருமை அடித்துக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் சிரித்தேன். சட்டம்னா சட்டம்தான் என்று சொன்ன வாயை நினைத்துச் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து உஷாராணி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுபோனது.

மத்தியானம் அவர் வேலை முடிந்து வந்ததும் சோற்றுத் தட்டுக்குப் பதிலாக இரண்டு சூராட்டையும் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒருமுறை, இரண்டுமுறை. முகம் கறுத்துவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர், ஊரில் எவன் கல்யாணம் என்றாலும் முன்னால் நின்று நடத்தி வைக்கிற ஆள். சாப்பாட்டையே மறந்துபோய், வெளியே போய் அகிலனிடம் போனில் பேசிவிட்டு வந்தார்.

"நாளைக்கே போவோம்" என்றார். "ரெண்டு பேரும் போய்ப் பதிஞ்சிட்டா பிள்ளைங்களுக்கும் சரியாயிடும். அகிலன்கிட்டக் கேட்டேன், அப்படித்தான் சட்டமாம்."

"நான் வரல" என்றேன்.

"என்னா?"

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்ல? நான் போட மாட்டேன். அசாம் ஜாவா வீட்டை தனேஸ்வரி பேருக்கு எழுதிக் குடுங்க. அப்புறம் உங்களைக் கட்டிக்கிறதா வேணாமான்னு யோசிச்சுச் சொல்றேன்."

அது வேறு இது வேறு என்றார். பைத்தியமா உனக்கு என்றார். அறுபது வயசில் அசிங்கம் பண்ணாதே என்றார். எனக்கு ஐம்பத்தேழுதான். அதையும் சொல்லிவிட்டு, கல்யாணம் ஆகாத பொம்பளை ஒரு ஆம்பிளையோடு ஒரே வீட்டில் இருப்பது நாலு பேர் பேசுகிற மாதிரி ஆகிவிடும் என்று பையில் நாலு சேலையையும் இரண்டு சூராட்டையும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

உஷாராணி கதவைத் திறந்து பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அக்கா... நீங்களுமா?" என்றாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாராயணசாமி போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. போன் எடுக்காமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, சாப்பிட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு என்மேல் இருந்த கோபம்.

மூன்று வாரம் அங்கே இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு மூன்று வாரம் நான் இருந்ததில்லை. காலையில் அவளோடு கேண்டீனுக்குப் போய் வெங்காயம் உரிப்பேன். பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்து மொய்த்துவிட்டுப் போனதும் இரண்டு பேரும் மீதி மீகூன் சேமியாவைச் சாப்பிட்டுக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லா ஆம்பிளைகளையும் திட்டுவோம். சாயங்காலம் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு ரம்புத்தான் மரத்தடியில் உட்காருவோம். நான் ஆசைப்பட்ட அதே இடம். இன்னொருத்தர் வீட்டில் உட்கார்ந்தால்தான் எனக்குச் சுகமாக இருந்தது.

அந்த வரிசை முழுக்க எங்கள் தோட்டத்து ஆட்கள். விஷயம் பரவியதும் வீட்டுக்கு வீடு டின்னைக் கவிழ்த்துச் சூராட்டைத் தேடினார்கள். மூன்று ஜோடி மாட்டியது. நாலாவது வீட்டுக் காளியண்ணனுக்கு அறுபத்தைந்து வயசு, பேத்தியே பள்ளிக்கூடம் போகிறது. மறுநாளே சட்டை மாற்றிக்கொண்டு பெண்டாட்டியோடு பதிவு இலாகாவுக்குப் போய்விட்டு வந்தார். இன்னார் இன்னாரைக் கட்டப் போகிறார் என்று அங்கே பலகையில் இருபத்தொரு நாள் ஒட்டி வைப்பார்களாம். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாமாம். "நானே போய் ஆட்சேபம் குடுக்கலாமான்னு பாக்குறேன்" என்று அவர் பெண்டாட்டி சொன்னதற்கு வரிசையே சிரித்தது.

சிரிப்புக்கு நடுவே நாள் மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட லீவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. உஷாராணி கேண்டீனிலிருந்து காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து அறையில் அடுக்க ஆரம்பித்தாள். நான் பார்க்காத நேரமாகப் பார்த்து அடுக்கினாள். தனேஸ்வரி ரவாங்கில் ஒரு மாடி வீட்டில் அறை பார்த்துவைத்திருந்தாள். இவரிடமிருந்து போனும் இல்லை, ஒன்றும் இல்லை. ரொட்டிச்சானாய் கடையில் மூன்று வேளையும் சாப்பிடுகிறார் என்று அகிலன் சொன்னான். இந்த ஆள் அசையமாட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சத்தம் கேட்டது. சட்டை கசங்கிப்போய், ஒரு சுற்று இளைத்துப்போய் வந்து நின்றார். உஷாராணி எதுவும் நடக்காத மாதிரி, "வாங்க மாமா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தனேஸ்வரி வாசல் தூணில் சாய்ந்து நின்றாள்.

"கிளம்பு" என்றார் என்னிடம்.

"யாரு கூட?"

"யாரு கூடவா? புருஷன் கூட."

"சான்றிதழ் வச்சிருக்கீங்களா?"

தனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். இவருக்குக் காது சிவந்துவிட்டது. எனக்கும் விளையாட்டு போதும் என்று தோன்றியது. உள்ளே போய் இரண்டு சூராட்டை எடுத்து வந்தேன். ஒன்று ஷாமளாவுடையது, இன்னொன்று தனேஸ்வரியுடையது. பேர் இருக்கிற இடத்தை இரண்டு உள்ளங்கையாலும் மூடி அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல எது உங்க மகளோடது, எது உங்க தம்பி மகளோடதுன்னு சொல்லுங்க, பாப்போம்."

அவர் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒரே ஆஸ்பத்திரி, அடியில் ஒரே வரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"சரி, ஒண்ணாத்தான் இருக்கு. அதுக்காக ரெண்டும் ஒண்ணாயிடுமா?" என்றார். "நான் இருக்கேன். என் பிள்ளைங்களுக்கு நான் போய்ச் சரி பண்ணிக்குவேன்."

உஷாராணி அடுப்படி வாசலுக்கு வந்தாள். கையில் கரண்டி. குரல் உயரவேயில்லை.

"ஆமா மாமா. நீங்க இருக்கீங்க. ஆபீஸுக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட்டா சரியாப் போயிடும். அவரு இருந்திருந்தா நானும் இன்னைக்கே இழுத்துட்டுப் போயிருப்பேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. இந்த வீட்டுக்கு ஆசைப்பட்டோமே என்று என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

தேத்தண்ணி ஆறி ஏடு படிந்துவிட்டது. தனேஸ்வரி உள்ளே போகப் போனவள், அவர் பேச ஆரம்பித்ததும் நின்றாள்.

"உங்கப்பன் கேட்டான்" என்றார், அவளைப் பார்க்காமல். "கல்யாணமான மறுவாரம். அண்ணே, கோல சிலாங்கூருக்குப் போயி கவர்மெண்டுலயும் பதியணுமாமே, மண்டோர்கிட்ட ஒருநாள் லீவு கேட்டு வச்சிருக்கேன்னு வந்து நின்னான். நான்தான், போடா வேலையத்தவனே, கிராணி சாப்பா குத்திட்டாருல்ல, போய்ப் பால் மரத்தை வெட்டுன்னேன். சரிண்ணேன்னுட்டுப் போயிட்டான்."

அவர் மூக்கை உறிஞ்சினார். "மறுபடி கேக்கவேயில்ல. நான் சொன்னா அவனுக்குப் போதும்."

எனக்கே இது புதுசு. முப்பத்தாறு வருஷத்தில் இந்த மனுஷன் தான் செய்தது தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. இப்போதும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் அந்த நில அலுவலகத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தபோதே இது அவருக்குத் தெரியும். இத்தனை மாசமாக அதை மனசில் வைத்துக்கொண்டுதான் சட்டம் சட்டம் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். என்னைக் கூப்பிடவில்லை. "நாளைக்கு நில ஆபீஸ் தொறந்திருக்கும்ல?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு மோட்டாரை உதைத்தார்.

மறுநாள் தனேஸ்வரி லீவு போட்டாள். நாங்கள் மூன்று பேரும் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அவர் வந்து நம்பர் எடுத்து உட்கார்ந்திருந்தார். தைப்பூசத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார். மடியில் அந்தப் பிளாஸ்டிக் உறை.

அதே மலாய்க்கார அதிகாரி அம்மா. எங்களை அடையாளம் தெரிந்துகொண்டார். வீட்டைத் தம்பி மகள் பேருக்கு எழுதிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று இவர் சொன்னதும், காது சரியாகக் கேட்டதா என்பது போல என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பாரத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். கொடுப்பவர் பேர், வாங்குபவர் பேர், வீட்டு எண், எல்லாம் எழுதிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தி, இவரை மாமா முறை வைத்து மலாயில் கூப்பிட்டார்.

"பாக்சிக், இங்கே விலை எழுத வேண்டும். எவ்வளவுக்குக் கொடுக்கிறீர்கள்?"

"விலையா? ஒண்ணும் வாங்கல. சும்மாதான் குடுக்கிறேன்."

"சும்மா என்று எழுத முடியாது. விலை இல்லையென்றால் காசே சாயாங் என்று எழுத வேண்டும்."

காசே சாயாங் என்றால் அன்பு, பாசம். மலாய்ப் பாட்டெல்லாம் அதைப் பற்றித்தான். என் வீட்டுக்காரர் அந்த மாதிரிப் பாட்டு ரேடியோவில் வந்தாலே அணைத்துவிடுகிற ஆள். அவர் திருதிருவென்று விழித்தார்.

"வேற எதாச்சும் போடக்கூடாதா? சட்டப்படின்னு போடுங்களேன்."

அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "சட்டத்தில் இந்த இடத்துக்கு இரண்டுதான் இருக்கிறது, பாக்சிக். ஒன்று காசு, இல்லாவிட்டால் பாசம். எதை எழுதட்டும்?"

உஷாராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு வார்த்தைக்குக் கூச்சப்பட்டு மனுஷன் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன், வீம்பு வந்தால் போய்விடக் கூடியவர்தான். அவர் தனேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அப்படியே அவள் அப்பன் ஜாடை, அதே அகலமான நெற்றி. அவளும் அவரைப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை.

"பேனாவைக் குடுங்க" என்றார். "நானே எழுதுறேன்."

பாரத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்த கை. ஒவ்வொரு எழுத்தாக, பெரிசு பெரிசாக, உதட்டை அசைத்துக்கொண்டு எழுதினார். கட்டத்துக்குள் அடங்காமல் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. எழுதி முடித்து, கையெழுத்தையும் போட்டு, பேனாவின் மூடியைத் தேடி மாட்டி வைத்தார்.

தனேஸ்வரி குனிந்து அந்த வார்த்தையைப் படித்தாள். அத்தனை மாசமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண், அங்கேயே, அந்த மேசைக்கு முன்னாலேயே, குலுங்கிக் குலுங்கி அழுதாள். "பெரியப்பா... பெரியப்பா..." என்பதைத் தவிர அவள் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரில் இருந்த சுல்தான் படத்தைப் பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார்.

"எதுக்கு இப்ப அழுவற? அதான் எழுதியாச்சில்ல" என்று அதட்டினார். "வாயால வேற சொல்லணுமா?"

இந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.